தோளில் ஒரு விரல்

கரன்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடையில் இருந்த நான்கு கணினித் திரைகளும் கறுத்துக் கிடந்தன. வெளியே செங்கல்பட்டு மழை, கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் உள்ள அத்தனை தகரக் கூரைகளிலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தது.

அமுலு உள்ளே வந்தாள். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நீலச் சட்டை, பையின் மேல் நூலால் தைத்த எண். ஷிப்ட் முடிந்து மறைமலைநகரிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறாள். நனைந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட எங்கள் கடைத் தரையில் வெறுங்காலோடு நின்றாள்.

அவள் என் தம்பி தயாளனின் மனைவி. தம்பி போய் அன்றைக்கு இருபது நாள் இருக்கும்.

“அந்த போட்டோ உங்ககிட்டதான அண்ணி கீது? திருவிடந்தையில எடுத்தது. ஒரு காப்பி போட்டுக் குடுங்க. சின்னதா இருந்தாகூட போதும்.”

கரன்ட் இல்லை என்றேன். உண்மைதான். உண்மை இவ்வளவு வசதியாக வந்து நின்று நான் பார்த்ததில்லை.

வரட்டும், இருக்கிறேன் என்று சொல்லி, லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் கைக்கெட்டும் தூரத்தில், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஃப்ளெக்ஸ் சுருள் நின்றுகொண்டிருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரில் ஏரி உடைந்ததை எழுதினேன். அப்பாவின் சைக்கிளை எழுதினேன். தயாளனை மட்டும் வாராவாரம் ஒதுக்கிவிட்டே வந்தேன். ஒதுக்குவது எனக்குக் கைவந்த வேலை. எப்படிக் கைவந்தது என்பதை இன்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

எறும்பு ஓடும் கோடு

நான் அந்தக் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தவள். வக்காலத்து, வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்ற விளம்பரம். பேனர்களுக்காகக் கணினியில் படம் வெட்டும் வேலைக்கு ஆள் பற்றாமல் போனபோது, ‘நீயும் கத்துக்கக்கா’ என்று மவுஸை என் பக்கம் தள்ளினான் பாஸ்கர். கடையின் டிசைனர். என் வயதுதான், நாற்பத்தைந்தைத் தாண்டியவன். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஊரையே அப்படித்தான் கூப்பிடுவான்.

முதல் பாடம் ஒரு பித்தளைச் சொம்பு. வெள்ளைச் சுவரின் முன் வைத்து எடுத்த படம். மந்திரக்கோல் போல ஒரு கருவி உண்டு. சுவரை ஒரு தட்டுத் தட்டினால் வெள்ளை மொத்தமும் பிடிபட்டுவிடும். சொம்பைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடத் தொடங்கும்.

“எறும்பு ஓடுற மாதிரி ஓடுதா? அதான்க்கா எல்லை. எறும்புக்கு இந்தாண்ட இருக்கிறது நம்மளுது. அந்தாண்ட இருக்கிறது நம்மளுது இல்ல. அவ்ளோதான் இந்தத் தொழிலு.”

அவ்வளவுதான் இல்லை. மனிதர்கள் வெள்ளைச் சுவரின் முன் நிற்பதில்லை. மரத்தின் முன் நிற்கிறார்கள், கூட்டத்தில் நிற்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள். அங்கே மந்திரக்கோல் எடுபடாது. பேனாக் கருவியை எடுத்து, உருவத்தின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோட்டை வளைத்துக்கொண்டு போக வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் நிறையப் புள்ளி வைப்பார்கள். அப்போது கன்னம் ரம்பம் மாதிரி ஆகிவிடும். குறைவாக வை, வளைவை நம்பு என்பான் பாஸ்கர்.

நான் முதலில் வெட்டிய மனிதர் ஒரு கவுன்சிலர். பிறந்தநாள் பேனர். வெட்டி முடித்தபோது அவருக்கு ஒரு காது இல்லை. பாஸ்கர் நெடுநேரம் பார்த்தான். பரவாயில்லைக்கா, அவர் எப்பவும் ஒரு காதில்தான் கேட்பார் என்றான்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தான். கோட்டை உருவத்தின் ஓரத்தில் சரியாக வைக்கக் கூடாது. ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய இடத்தின் நிறம் வெள்ளைக் கரையாக ஒட்டிக்கொண்டு வரும். ஆள் எங்கே நின்றிருந்தார் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

அதாவது ஒருவரைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டுமானால், அவரிலேயே கொஞ்சத்தை இழக்க வேண்டும். இதை நான் நோட்டில் எழுதி வைத்தேன். எழுதும்போது அழகாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் சொன்னது வேறு.

“மொதல்ல ஒரு காப்பி போட்டுக்க. ரப்பரைத் தொடாத. அழிச்சா போச்சி. மாஸ்க் போடு. கறுப்பு பூசினா மறையும், வெள்ளை பூசினா திரும்பி வரும். நாளைக்கி சண்டை தீந்து, மாமனை மறுபடியும் படத்துல சேத்துடுன்னு வந்து நிப்பானுங்க. அன்னைக்கி இன்னா பண்ணுவ?”

சிரித்தேன். அப்படியும் வருவார்களா என்று கேட்டேன். வாரத்துக்கு ஒருவர் வருவார் என்றான்.

ஆணியில் மாலை இல்லை

தயாளன் கம்பெனி பஸ் ஓட்டினான். செங்கல்பட்டில் எடுத்து மறைமலைநகர் பாக்டரிகளில் ஆளை இறக்குவான். அமுலு அந்த பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னல்.

அவனுக்கு வாயோரம் ஒரு வெள்ளை இருந்தது. முப்பது வயதுக்குமேல் வந்தது. கடுகளவில் தொடங்கி, உதட்டின் ஓரத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கி நின்றுவிட்டது. மாநிறம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் பால் நிறமாகும். அது வந்த பிறகு அவன் எந்தப் படத்துக்கும் நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் வீடியோ விளக்கு வரும் பக்கம் பார்த்து எழுந்து, பந்தியைக் கவனிக்கப் போய்விடுவான்.

அம்மா அவனைத் திருவிடந்தைக்குக் கூட்டிப் போனாள். கல்யாணம் கூடாதவர்கள் அங்கே பெருமாளுக்கு மாலை சாத்தி, ஒரு மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்த் திரும்பச் செலுத்த வேண்டும். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கியது. இரண்டு மழைக்காலம் தொங்கியது. பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிச்சம். பல்லி ஓடினால் சரசரக்கும்.

ஒருநாள் அம்மா விளக்கேற்றப் போனவள் விளக்கேற்றாமல் நின்றாள். ஆணியில் மாலை இல்லை.

அவன் கல்யாணம் அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. யாரும் வந்து சொல்லவில்லை. அவள் கத்தவும் இல்லை. ஆணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவன் வேறு சாதியில் கட்டிவிட்டான் என்பதைவிட, அந்த மாலையைக் கேட்காமல் எடுத்துப் போனதுதான் அவளை முறித்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு முன்பே தெரியும். அன்று மதியமே படம் வந்துவிட்டது. கோயிலில் மாலையைச் செலுத்திவிட்டு, சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அமுலு அவன் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவன் நகர்ந்துவிடாமல் இருக்கத் தோளில் கையைப் போட்டு அழுத்திப் பிடித்திருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளையோடு சேர்த்து வாய் முழுக்க விரிந்த சிரிப்பு. பின்னால் கடல் ஓரிடத்தில் முடிந்து வானம் ஆகியிருந்தது. எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க முடியாது.

அம்மா என் போனில்தான் சீரியல் பார்ப்பாள். அதனால் படத்தை இறக்கி ஒரு மூலையில் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பியதை அழித்துவிட்டேன். அமுலுவிடம் இருந்தது பட்டன் போன். அவள் வேலை செய்யும் கம்பெனிக்குள் கேமரா போனை விடமாட்டார்கள். ஆக அந்தப் படம் உலகத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. அவன் சட்டைப் பையில், என் போனில்.

ஒரு வருடம்கூட நிறையவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில், விடிகாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது, டயரில் ஏதோ சத்தம் என்று பஸ்ஸை ஓரம் கட்டி இறங்கியிருக்கிறான். லாரி. சட்டைப் பையில் இருந்ததும் அவனோடு போயிற்று.

அம்மா சொன்ன காரணம்

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும். லைசென்ஸில் இருந்தது பத்து வருடத்துக்கு முந்தையது, தபால்தலை அளவு. பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள். வேறு வழியில்லாமல் போனை எடுத்து அம்மாவிடம் காட்டினேன்.

அவள் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தாள். மகன் சிரிப்பதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

“இவளை எடுத்துடு.”

அவளே தொடர்ந்தாள்.

“தோள்மேல கீது பாரு கையி, அதையும் எடு. உயிரோட கீறவ கையி அது. அதுமேல மாலை வுழலாமா? அவளுக்குந்தான் ஆவாது.”

இது வழக்கம்தான். உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். அஞ்சலி பேனருக்கு வரும் படங்களில் பாதிக்குமேல் குரூப் போட்டோதான். இடுப்பில் இருக்கும் பேரனின் கால், தோளில் சாயும் பெண்டாட்டியின் தலை, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். ஆனால் அம்மா அதைச் சொன்னபோது, அமுலுவின் ஆயுசுக்காகச் சொன்னாளா, அமுலுவே வேண்டாமென்று சொன்னாளா, எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்கியது என்று.

வாயோரம் இருப்பதையும் எடுத்துவிடு, சாமியாகப் போகிறவன் நல்லபடியாகப் போகட்டும் என்றாள். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

ஆம்

மறுநாள் காலை கடையில் நான் மட்டும் இருந்தேன். பாஸ்கர் ஒரு திறப்பு விழாவுக்கு பேனர் கட்டக் கேளம்பாக்கம் பக்கம் போயிருந்தான்.

போனைக் கம்பியில் மாட்டிப் படத்தைக் கணினிக்கு மாற்றினேன். காப்பி செய்யவில்லை. ‘கட்’ கொடுத்து இங்கே கொண்டுவந்து ஒட்டினேன். அம்மா கையில் திரும்பவும் அது பட வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ. விரல் தானாகச் செய்தது.

பேனாவால் அவனைச் சுற்றி வந்தேன். நெற்றி, காது, கழுத்து. பல மடங்கு பெரிதாக்கிக்கொண்டால் தம்பி தெரிய மாட்டான். பழுப்புக் கட்டங்கள் மட்டும் தெரியும். அதனால் அழாமல் வேலை செய்ய முடிந்தது. தோளுக்கு வந்தபோது கண் கலங்கிவிட்டது. மாஸ்க் போடவில்லை. ரப்பரை எடுத்தேன். அமுலுவின் முகத்தை முதலில் அழித்தேன். பிறகு முழங்கை. பிறகு தோளில் இருந்த விரல்கள். பக்கத்துச் சட்டைத் துணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவற்றின்மேல் ஒட்டினேன். வாயோரம் கன்னத்து நிறத்தை இழுத்துப் பூசினேன்.

கடல் போய்விட்டது. அந்த இடத்தில் நாங்கள் எல்லா இறந்தவர்களுக்கும் வைக்கும் வானத்தை வைத்தேன். கிரேடியன்ட் என்பது ரொம்ப எளிது, முதல் வாரமே பழகிவிடும். இரண்டு நிறம் தேர்ந்தெடுத்து, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு குட்டையாக இருந்தால் நீலம் வெடுக்கென்று முடிந்து வெள்ளை வந்துவிடும். நீளமாக இழுத்தால் நீலம் தன்னை விட மனமில்லாமல் விட்டுக்கொண்டே வரும். நான் திரையின் உச்சியிலிருந்து அடிவரை இழுத்தேன். மார்புக்குக் கீழே அவனையும் அப்படியே வெள்ளையில் கரைத்தேன். எல்லா அஞ்சலி பேனரிலும் ஆட்கள் இடுப்புக்குக் கீழே மேகம்தான்.

முகம், வானம், பூச்சு என்று தனித்தனி அடுக்காக இருந்த எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். சேமிக்கப் போனேன். இதே பெயரில் ஒரு படம் ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேலேயே எழுதவா என்று கணினி கேட்டது.

ஆம் என்றேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பாஸ்கர் அழிந்ததை மீட்கும் நிரல்களை எல்லாம் ஓட்டிப் பார்த்தான். போனையும் குடைந்தான். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, டீ சாப்பிடப் போகலாம் வாக்கா என்றான்.

காரியத்தன்று இன்னொன்று நடந்தது. ஆறடி ஃப்ளெக்ஸில் பெரிதாகி நின்றபோது, சித்திதான் முதலில் பார்த்தாள். தோளில் யார் விரல் அது என்று கேட்டாள். திரையில் சட்டைச் சுருக்கம் என்று நான் விட்டிருந்தது ஒரு விரல். சுண்டுவிரல். மற்ற மூன்றையும் அழித்திருந்தேன், அது மட்டும் காலருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. அம்மா எழுந்துபோய் மாலையை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். காற்றடிக்கும்போதெல்லாம் மாலை விலகியது. அவள் மூன்று முறை எழுந்தாள். அமுலு அங்கே இல்லை. வரவேண்டாமென்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் அம்மா ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னாள். வீட்டில் வைக்கவும் விடவில்லை, தூக்கிப் போடவும் விடவில்லை. கடைக்குக் கொண்டுவந்து மெஷினுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

கரன்ட் வந்தது

மின்விசிறி முதலில் அசைந்தது. பிறகு டியூப்லைட். அமுலு ஸ்டூலை விட்டு எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளிடமிருந்து மெஷின் எண்ணெய் வாசனையும் மழை வாசனையும் வந்தன. நான் அந்த ஃபைலைத் திறந்தேன். திறக்காமல் என்ன சொல்ல முடியும்.

அவள் பார்த்தாள். கடலைத் தேடினாள் போலிருக்கிறது. கண் ஓரங்களுக்குப் போய்விட்டுத் திரும்பியது. தன்னைத் தேடினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“வாயாண்ட இருந்துச்சே அண்ணி. அது எங்க?”

“எடுத்துட்டேன்.”

“பழசு?”

“இல்ல அமுலு. அதுமேலயே சேவ் பண்ணிட்டேன். என் தப்புதான்.”

பாஸ்கர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடாத பிரின்டரில் பேப்பரை அடுக்கினான்.

அவள் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நேத்து மெஷின்ல நின்னுகினு இருக்கிறப்ப, அந்த வெள்ளை எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் மறந்துபோச்சி. எடதா, வலதான்னு. ஒரு நிமிஷந்தான். அப்பால ஞாபகம் வந்துடுச்சி. ஆனா பயமாப் போச்சி அண்ணி. அதான் ஓடியாந்தேன்.”

இடது என்றேன். சொன்ன பிறகு சந்தேகம் வந்தது. அவனுக்கு இடதா, எதிரில் நின்று பார்க்கும் நமக்கு இடதா? கண்ணை மூடிப் பார்த்தேன். நான் பூசிய கன்னம்தான் வந்தது. முப்பத்தெட்டு வருடம் பார்த்த முகத்தின்மேல், ஒரு காலை நேரத்து வேலை வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் சுருளை எடுத்தேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. தரையில் விரித்தேன். பாஸ்கர் நாற்காலிகளை ஓரம் தள்ளினான். சுருண்டு சுருண்டு மேலே வந்த நுனிகளில் ஆளுக்கொரு காலை வைத்துக்கொண்டோம். காரியத்து மாலையின் ஈரக்கறை மார்பில் பழுப்பாகப் படிந்திருந்தது.

அமுலு முகத்தின் பக்கம் போகவில்லை. சொல்லாமலேயே தோளுக்குப் போனாள். மண்டியிட்டாள்.

“இது என் வெரலு.”

தன் சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்தாள். பாதி நகம்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது போக மீதி. ஃப்ளெக்ஸில் இருந்த விரல் அவளுடையதைவிட மூன்று மடங்கு பெரிது. கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. ஆனால் அதிலும் பாதி நகம்தான். அழுத்திப் பிடித்ததில் சட்டைத்துணி அதைச் சுற்றிப் பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளம் நான் செய்ததல்ல.

“மொகம் வேணாம் அண்ணி. அது யாரோ. இத மட்டும் எடுத்துக்கட்டா?”

பாஸ்கர் பெரிய கத்தரியை எடுத்துக் கொடுத்தான்.

அவள் நடுவில் குத்தித் துளைபோட்டு வெட்டத் தொடங்கினாள். நாங்கள் கோட்டை உள்ளே தள்ளி வெட்டுகிறவர்கள். அவள் வெளியே தள்ளி வெட்டினாள். விரலிலிருந்து ஒரு சாண் தள்ளி, காலர், தோள் மேடு, அதற்கு மேலே இருந்த நீலம், எதையும் விடாமல் சுற்றி வந்தாள். ஓரம் கோணல்மாணலாகப் போயிற்று. கவுன்சிலர் காதைக் கிண்டலடித்த பாஸ்கர், இதில் ஒன்றையும் திருத்தவில்லை.

துண்டை மடிக்காமல் சுருட்டினாள். மடித்தால் கோடு விழும் என்றாள். சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். மழை விட்டிருக்கவில்லை.

படம் வெட்டப் பழகிய முதல் நாள், திரையில் அந்தச் சொம்பைச் சுற்றி இருந்ததை எல்லாம் அழித்ததும், சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. இது என்ன டிசைன் என்று பாஸ்கரிடம் கேட்டேன். டிசைன் இல்லைக்கா, கட்டம் தெரிந்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் என்றான்.

என் தம்பி தரையில் கிடந்தான். அவன் தோள் இருந்த இடத்தில், எங்கள் கடைத் தரையின் கட்டங்கள் தெரிந்தன.